37-க்குள் என்னென்ன இருக்கிறது

ஒரு கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள், போனில் இருப்பதே போதும். 1 முதல் 9 வரையுள்ள பொத்தான்கள் மூன்றுக்கு மூன்றாக இருக்குமில்லையா, அதில் ஏதாவது ஒரு நேர்கோட்டைப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய், அதே வழியில் திரும்பி வாருங்கள். 1, 2, 3 என்று போய் 3, 2, 1 என்று திரும்பினால் 123321. நெடுக்கில் போனால் 147741. மூலைக்கு மூலை போனால் 159951, இல்லையென்றால் 357753. இப்போது கிடைத்த ஆறு இலக்க எண்ணை 37-ஆல் வகுத்துப் பாருங்கள். எந்தக் கோட்டில் போயிருந்தாலும் மீதி வராது. 123321-க்கு ஈவு 3333, 147741-க்கு 3993, 159951-க்கு 4323, 357753-க்கு 9669. தலைகீழாக 9, 6, 3 என்று போய் வந்தாலும் அப்படித்தான், 963369-க்கு 26037.

சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுவது என் வேலை. எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தோம், எத்தனை கிராம் கொலுசாகத் திரும்பி வந்தது, டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பொழுதுக்கும் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே இருப்பதால் எண்களோடு ஒரு பழக்கம், அதில் 37-இன் மேல் மட்டும் தனிப் பிரியம். பட்டறைப் பையன்களிடம் இந்தப் பொத்தான் வித்தையைக் காட்டினால் "எப்படிண்ணா?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். அந்த "எப்படி"க்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம்.

முதலில் 37 × 3 = 111. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 37 × 6 = 222, 37 × 9 = 333, இப்படியே மூன்று மூன்றாக ஏறிப் போனால் 37 × 27-இல் 999 வந்து நிற்கும். ஒரே இலக்கத்தை மூன்று முறை எழுதி, அந்த மூன்று இலக்கங்களையும் கூட்டி வருகிற தொகையால் வகுத்தால் எப்போதும் 37 வருவது இதனால்தான். 777-ஐ 21-ஆல் வகுங்கள், 444-ஐ 12-ஆல் வகுங்கள்.

சரி, பொத்தான்களுக்கு வருவோம். 147741-ஐ நடுவில் வெட்டி 147, 741 என்று இரண்டாக்கிக் கூட்டுங்கள். 888. ஒன்றாம் இடத்தில் 7 + 1, பத்தாம் இடத்தில் 4 + 4, நூறாம் இடத்தில் 1 + 7, மூன்றிலும் 8. பொத்தான்களின் நேர்கோட்டில் நடு எண் எப்போதும் இரண்டு ஓர எண்களுக்கும் சரிபாதியில் இருக்கும், அதனால் ஓரங்களைக் கூட்டினாலும் நடுவை இரட்டித்தாலும் ஒரே விடைதான். மூன்று இடத்திலும் ஒரே எண் வந்து விழுந்தால் அது 111-இன் மடங்கு, 111-இன் மடங்கென்றால் 37-இன் மடங்கு. 159 + 951 = 1110 என்று நாலு இலக்கமாகப் போனாலும் கவலையில்லை, அது 111 × 10.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. 147741 ஒரு எண், 888 வேறொரு எண். வெட்டிக் கூட்டிக் கிடைத்தது 37-இல் வகுபட்டால், வெட்டுவதற்கு முன்னால் இருந்ததும் வகுபடும் என்று எப்படிச் சொல்கிறோம்? இங்கேதான் 999 உதவிக்கு வருகிறது. 147741 என்பது 147 ஆயிரங்களும் 741-ம். ஒவ்வொரு ஆயிரத்தையும் 999 + 1 என்று பிரித்துக்கொள்ளுங்கள். 147 முறை 999 இருக்கிறது, அது 37-இன் மடங்கு என்று தெரிந்துவிட்டதால் அதைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். மிஞ்சுவது 147 முறை 1, கூடவே அந்த 741. அவ்வளவுதான். 37-ஐப் பொறுத்தவரை ஆயிரமும் ஒன்றும் ஒன்றுதான், அதனால் எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் வலது பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டிக் கூட்டிவிடலாம்.

பேரேடு எழுதிப் பழகியவர்களுக்கு இதன் தம்பி முறை ஒன்று தெரிந்திருக்கும். இரண்டு பக்கமும் ஒத்துவராமல் வித்தியாசம் விழுந்தால், அந்த வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்ப்பார்கள். மீதியில்லாமல் வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகப்படுவார்கள். 5463 கிராமை 5643 என்று எழுதினால் வித்தியாசம் 180, அது 9 × 20. அங்கே வேலை செய்வது 10 = 9 + 1 என்ற உண்மை. இங்கே வேலை செய்வது 1000 = 999 + 1. 9-க்கு ஒவ்வொரு இலக்கமாகக் கூட்டுகிறோம், 37-க்கு மும்மூன்றாகக் கூட்டுகிறோம்.

நம் ஊர் வழக்கத்தில் ஒரு சின்ன இடைஞ்சல் உண்டு. நாம் லட்சத்துக்கும் கோடிக்கும் காற்புள்ளி வைக்கும்போது முதலில் மூன்று இலக்கம், அப்புறம் இரண்டிரண்டு. 37-க்குச் சோதிக்கும்போது அந்தப் புள்ளிகளை மறந்துவிட வேண்டும். 4,58,763 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மும்மூன்றாக வெட்டினால் 458, 763. கூட்டினால் 1221. அதையும் வெட்டினால் 1 + 221 = 222. 222 என்றால் 37 × 6. ஆக அந்தத் தொகையை 37 பேருக்குச் சமமாகப் பிரிக்கலாம், ஆளுக்கு 12,399.

அடுத்தது எனக்கு இன்னும் பிடித்தது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுகிற மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பிள்ளைகளுக்குத் தலைசுற்றல் தெரியாமல் இருக்க இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. அடிவாரத்திலிருந்து எண்ணிக்கொண்டே போய், ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணை 37-ஆல் பெருக்கச் சொல்ல வேண்டும், விடை இரண்டு இலக்கமாக வந்தால் முன்னால் ஒரு பூஜ்யம் போட்டு மூன்றாக்கிக்கொள்ள வேண்டும். முதல் வளைவில் 037. பத்தாவது வளைவில் 370. பத்தொன்பதாவதில் 703. அதே மூன்று இலக்கங்கள், முதலில் இருப்பது கடைசிக்குப் போய்ச் சுற்றி வருகின்றன. இரண்டாவது வளைவில் 074, பதினொன்றில் 740 வரும் என்று நினைத்தால் 407 வரும், கடைசி வளைவான இருபதில் 740. நான்காவதில் 148, பதின்மூன்றாவதில் 481, மூன்றாவது சகோதரனான 814 இருப்பது 22-இல், அதற்குள் ஏற்காடு வந்துவிடுகிறது. மூன்றாவது வளைவின் 111-க்குச் சுற்றுவதற்கே ஒன்றுமில்லை, எப்படிச் சுற்றினாலும் அதேதான்.

37-இன் மூன்று இலக்க மடங்கு எதுவாக இருந்தாலும் அதைச் சுற்றினால் கிடைப்பதும் 37-இன் மடங்குதான். காரணம் மேலே சொன்ன அதே ஆயிரம்தான். 148-ஐ 10-ஆல் பெருக்கினால் 1480. 37-இன் மடங்கைப் பத்தால் பெருக்கினாலும் அது 37-இன் மடங்காகத்தான் இருக்கும். இப்போது அதிலிருந்து ஒரு 999-ஐக் கழியுங்கள், 37-இன் மடங்கிலிருந்து 37-இன் மடங்கைக் கழிக்கிறோம், கெட்டுப்போக வழியில்லை. 1480 − 999 = 481. முன்னால் இருந்த 1 ஆயிரமாகப் போய், ஒன்றாகத் திரும்பி வந்து கடைசியில் உட்கார்ந்துகொண்டது. எந்த மூன்று இலக்கத்தை எடுத்தாலும் இதே கதைதான், முதல் இலக்கம் எவ்வளவோ அத்தனை 999-ஐக் கழிக்க வேண்டும், அதுதான் வித்தியாசம்.

இதன் இன்னொரு முகம் தசமத்தில் தெரியும். 1 ÷ 27 = 0.037037037… என்று ஓயாமல் போகும். 1 ÷ 37 = 0.027027027… என்று போகும். ஒன்றைத் தலைகீழாக்கினால் மற்றது வருகிறது, இரண்டும் சேர்ந்து 999-ஐப் பங்கு போட்டுக்கொண்டதால். தன்னையும் ஒன்றையும் தவிர வேறெதனாலும் வகுபடாத எண்களைப் பகா எண்கள் என்று பள்ளியில் படித்திருப்போம், அந்தப் பகா எண்களில் 1-ஐ வகுத்தால் சரியாக மூன்று இலக்கத்துக்கு ஒருமுறை திரும்பி வருகிற எண் 37 மட்டும்தான். எவ்வளவு தூரம் தேடினாலும் இன்னொன்று கிடைக்காது. மூன்று இலக்கச் சுற்று வேண்டுமென்றால் அந்த எண் 999-ஐ வகுக்க வேண்டும், 999-ஐப் பிரித்தால் மூன்று 3-களும் ஒரு 37-ம் தவிர வேறொன்றும் இல்லை, 3-க்கோ 0.333… என்று ஒரே இலக்கச் சுற்று. எல்லையில்லாமல் இருக்கிற பகா எண்களில் ஒன்றே ஒன்றுதான் என்று இப்படி இரண்டு வரியில் அடித்துச் சொல்ல முடிகிறது பாருங்கள், கணக்கில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். இதுவரை பார்த்த எதுவும் 37-இன் சொந்தச் சொத்து இல்லை. நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம், அதனால் 999 நமக்கு முக்கியமான எண்ணாகிவிட்டது, 999-க்குள் 37 இருந்ததால் அதற்கு இந்த மவுசு. எட்டு எட்டாக எண்ணுகிற ஒரு ஊர் இருந்தால், அதாவது எட்டை அடிமானமாக வைத்து எழுதினால், அங்கே ஒன்றாம் இடம், எட்டாம் இடம், அறுபத்து நான்காம் இடம் என்று போகும். அங்கே 111 என்று எழுதினால் அதன் மதிப்பு 64 + 8 + 1 = 73. அங்கே பெரிய மூன்று இலக்க எண்ணான 777-இன் மதிப்பு 511, அது 73 × 7. மேலே 37 செய்த வித்தை அத்தனையையும் அந்த ஊரில் 73 செய்யும். நம் 37-ஐ அங்கே 45 என்று எழுதுவார்கள், யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். பத்தில் 37, எட்டில் 73 என்று கண்ணாடி போட்ட மாதிரி அமைந்தது அழகான தற்செயல்.

உடம்புச் சூடு 37 டிகிரி என்பதும் இந்த வகைதான். செல்சியஸில் 37, பாரன்ஹீட்டில் 98.6. அது அளவுகோலைப் பொறுத்தது, எண்ணைப் பொறுத்தது அல்ல. 3 + 7 = 10, 1 + 0 = 1 என்று கூட்டி ராசி பார்ப்பதும் எண்ணைப் பார்ப்பது ஆகாது, எழுதிய விதத்தைப் பார்ப்பதுதான். ஒரு எண்ணைப் பற்றி யாராவது அதிசயம் சொன்னால், வேறு அடிமானத்தில் எழுதினாலும் இது நிற்குமா என்று கேட்டுப் பாருங்கள். நின்றால் அது எண்ணின் குணம். நிற்காவிட்டால் நம் விரல்களின் குணம்.

நிற்கிற குணங்கள் 37-க்கு நிறையவே உண்டு. அவற்றில் முதலாவதை வாசலிலேயே பார்க்கலாம்.

மார்கழியில் போடுகிற புள்ளிக் கோலத்தில் ஊடுபுள்ளி 7–4 என்று ஒரு அளவு உண்டு. நடுவில் 7 புள்ளி, அதற்கு மேலும் கீழும் இடைவெளிகளுக்கு நேராக 6, அப்புறம் 5, அப்புறம் 4. மொத்தம் 4 + 5 + 6 + 7 + 6 + 5 + 4. கூட்டிப் பாருங்கள், 37. தள்ளி நின்று பார்த்தால் புள்ளிகள் அறுகோணமாக நிற்கும். நடுப் புள்ளியிலிருந்து எண்ணினாலும் 37-தான், நடுவில் 1, அதைச் சுற்றி 6, அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்த சுற்றில் 18. ஒவ்வொரு சுற்றிலும் ஆறு பக்கமும் ஒவ்வொரு புள்ளி நீளுவதால் ஆறு ஆறாகக் கூடுகிறது. இதே 37 புள்ளியை நேர்ப்புள்ளியாக, சதுரமாகவோ செவ்வகமாகவோ வைக்கவே முடியாது, ஏனென்றால் அது பகா எண். எத்தனை வரிசையாகப் போட்டாலும் ஒரு வரிசை குறையும், இல்லை மிஞ்சும். ஊடுபுள்ளியில் மட்டும் கச்சிதமாக அடங்கும்.

பொங்கலுக்குப் பெரிதாகப் போடுகிற ஊடுபுள்ளி 15–8 கோலத்தில் எத்தனை புள்ளி தெரியுமா? 169. அது 13 × 13, அதாவது அதே புள்ளிகளை அப்படியே கலைத்து 13-க்கு 13 நேர்ப்புள்ளியாகவும் வைக்கலாம். 37-க்கு அந்த வசதி இல்லை, ஆனால் வேறொரு வசதி உண்டு. ஊடுபுள்ளி 5–3 போட்டால் 19 புள்ளி, அதன் ஆறு பக்கங்களின் மேலும் 2, 1 என்று மூன்று புள்ளியில் ஒரு கூம்பு வையுங்கள். ஆறு முனை நட்சத்திரம் வந்துவிடும், 19 + 18 = 37. ஆக 37 புள்ளியை வைத்து அறுகோணமும் போடலாம், நட்சத்திரமும் போடலாம். 1-ஐ விட்டுவிட்டால் இந்த இரண்டு உருவமும் அமைகிற முதல் எண் 37, அதற்கடுத்தது 1261, அதைப் போட நடு வரிசையில் மட்டும் 41 புள்ளி வேண்டும், தெருவையே அடைக்கும்.

37 அறுகோணத்தின் மேல் கூம்பு வைத்தால்? ஒவ்வொரு பக்கத்திலும் 3, 2, 1 என்று 6 புள்ளி, ஆறு பக்கத்துக்கும் 36. மொத்தம் 73. மறுபடியும் அதே கண்ணாடி எண், இந்த முறை 37-ஐத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு. இரண்டையும் பெருக்கினால் 2701, அது 1 முதல் 73 வரை எல்லா எண்களையும் கூட்டினால் வருகிற தொகை.

வீட்டில் பிள்ளைகளின் ரூபிக் க்யூப் இருந்தால் இன்னொன்று பாருங்கள். ஒரு மூலை உங்கள் கண்ணுக்கு நேரே வரும்படி பிடித்தால் மூன்று பக்கங்கள் தெரியும். மூன்றுக்கு மூன்று க்யூபில் அப்போது கண்ணில் படுகிற சின்ன க்யூப்கள் 19, மறைந்திருப்பது 8. நாலுக்கு நாலு க்யூபில் படுவது 37, மறைந்திருப்பது 27. தெரிகிற மூன்று பக்கங்களையும் ஒரு அடுக்கு சீவி எடுத்துவிட்டால் மிஞ்சுவது 3 × 3 × 3 தானே. அதனால் 37 = 64 − 27. இந்த 27-ஐ ஏற்கெனவே சந்தித்திருக்கிறோம். 37-ஐயும் 27-ஐயும் கூட்டினால் 64, பெருக்கினால் 999.

1850 வாக்கில் கும்மர் என்ற ஜெர்மானியர் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை (இரண்டு முழு எண்களின் மூன்றாம் படிகளைக் கூட்டினால் இன்னொரு முழு எண்ணின் மூன்றாம் படி வராது, அதற்கு மேற்பட்ட எந்தப் படிக்கும் அப்படியே என்பது அது) ஒவ்வொரு பகா எண்ணாக நிரூபிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வழி 3, 5, 7 என்று 31 வரை எல்லாப் பகா எண்களுக்கும் ஒத்துவந்தது. முதன்முதலில் முட்டி நின்றது 37-இல். நூறுக்குள் அப்படி நிற்பவை 37, 59, 67 மூன்றுதான். ஏன் என்பதற்குப் பெர்னூலி எண்கள் வரை போக வேண்டும், அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

எனக்கு 37 மேல் இருக்கிற மரியாதைக்குப் பெரிய காரணம் இனி சொல்லப் போவதுதான். ஒரு நாட்டில் 1, 32, 243, 1024, 3125 ரூபாய் என்று மட்டுமே நாணயங்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இவை 1, 2, 3, 4, 5 ஆகியவற்றின் ஐந்தாம் படிகள், அதாவது 2-ஐ ஐந்து முறை பெருக்கினால் 32, 3-ஐ ஐந்து முறை பெருக்கினால் 243, இப்படியே மேலே போகும். எந்தத் தொகையாக இருந்தாலும் சில்லறை வாங்காமல் கொடுத்து முடிக்க அதிகபட்சம் எத்தனை நாணயம் தேவைப்படும்? 223 ரூபாயை எடுத்துக்கொள்வோம். 243 பெரியது, ஆகாது. 32 ரூபாயில் ஆறு கொடுத்தால் 192, ஏழு கொடுத்தால் 224 என்று ஒரு ரூபாய் கூடிவிடும். மீதி 31-ஐ ஒற்றை ரூபாய்களாகத்தான் தர வேண்டும். 6 + 31 = 37 நாணயம். இதைக் குறைக்க வழியே இல்லை. எனவே விடை 37-க்குக் குறைவாக இருக்க முடியாது.

38 நாணயம் கேட்கிற தொகை எங்காவது இருக்கிறதா? எண்களுக்கு முடிவில்லை, ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க முடியாது. எட்வர்ட் வேரிங் என்ற ஆங்கிலேயர் 1770-இல் இந்த மாதிரிக் கேள்விகளைக் கிளப்பினார். ஐந்தாம் படிக்கு 37 போதும், எந்த எண்ணுக்கும் அதற்கு மேல் தேவையில்லை என்று சீனக் கணிதவியலாளர் சென் ஜிங்ருன் 1964-இல்தான் நிரூபித்தார். எட்டில் எழுதினாலும் பத்தில் எழுதினாலும் இந்த 37 மாறாது.

ஆறாம் படிக்கு வாருங்கள். நாணயங்கள் 1, 64, 729. 703 ரூபாய் கொடுக்க வேண்டும் என்றால் 64-இல் பத்து, மீதி 63 ஒற்றை ரூபாய், ஆக 73 நாணயம். ஆறாம் படிக்கு 73 போதும் என்று நிரூபித்தவர் நம்மவர். குற்றாலம் பக்கத்தில் வல்லத்தில் 1901-இல் பிறந்த எஸ். எஸ். பிள்ளை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபோது 1940-இல் அதைச் செய்தார், ஐந்தாம் படிக்கு விடை கிடைப்பதற்கு 24 வருடம் முன்னால். 1950-இல் அமெரிக்காவுக்குப் போகிற வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார், வயது 49. ராமானுஜன் பெயரைச் சொல்கிற இடத்திலெல்லாம் இவர் பெயரையும் சொல்லிப் பழக வேண்டும் என்பது என் ஆசை. நான்காம் படிக்கு விடை 19, கோலத்தில் பார்த்த அதே 19. அது 1986-இல் முடிவானது, முடித்த மூவரில் ஒருவர் பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியன்.

அந்த 703-ஐக் கவனித்தீர்களா? மலைப்பாதையில் பத்தொன்பதாவது வளைவில் வந்த எண், 37 × 19. 1 முதல் 37 வரை கூட்டினாலும் 703. அதன் வர்க்கம் 494209. நடுவில் வெட்டிக் கூட்டினால் 494 + 209 = 703, மறுபடியும் அதே எண். இப்படித் தன் வர்க்கத்தை வெட்டிக் கூட்டினால் தானே வருகிற எண்களுக்கு, நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இதற்கும் காரணம் 37-ம் 27-ம்தான். 703-ஐ 37-ஆல் வகுத்தால் மீதி 0, 27-ஆல் வகுத்தால் மீதி 1. வர்க்கம் எடுத்தாலும் 0 பெருக்கல் 0 பூஜ்யம்தான், 1 பெருக்கல் 1 ஒன்றுதான், மீதிகள் மாறவில்லை. எனவே 703-ம் அதன் வர்க்கமும் 999-ஆல் வகுத்தால் ஒரே மீதியைத் தரும், மும்மூன்றாக வெட்டிக் கூட்டுவதும் அந்த மீதியைத் தொடாது.

மீதிகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். 37-ஆல் வகுத்தால் 1, 27-ஆல் வகுத்தால் 0 வருகிற மூன்று இலக்க எண் 297. வர்க்கம் 88209, 88 + 209 = 297. இரண்டையும் கூட்டினால் 297 + 703 = 1000. நாலு இலக்கத்திலும் இப்படித் தேடலாம், அங்கே 9999 = 9 × 11 × 101 என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன், 7777. அதன் வர்க்கம் 60481729, நாலு நாலாக வெட்டினால் 6048, 1729. கூட்டினால் 7777. அந்த 1729 ராமானுஜனின் டாக்ஸி எண்ணேதான்.